படிக்கிற பிள்ளைக்கு நெல் அளந்தவர்கள்

வாலாஜாபாத்திலிருந்து வடக்கே போனால் தென்னேரி. ஊருக்குப் பெயர் கொடுத்ததே ஏரிதான். தொண்டைமான் இளந்திரையன் பெயரால் அமைந்த திரையன் ஏரி, வாய்வழக்கில் தேய்ந்து தென்னேரி ஆயிற்று என்பார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் இதுவும் ஒன்று. கரையில் நின்றால் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் நெல். சோழர் காலத்துக் கல்வெட்டுள்ள கோயில் ஊருக்குள் இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் ஐயம்பேட்டை, முத்தியால்பேட்டை என்று தறிச்சத்தம் கேட்ட ஊர்கள் பல. இன்று விடிவதற்கு முன்பே சுங்குவார்சத்திரம், ஒரகடம் பக்கத் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் கம்பெனி வண்டிகள் சாலையோரம் வந்து நிற்கின்றன.

ஏரியும் தறியும் தொழிற்சாலையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் இந்த வட்டாரத்தில், பிழைப்புக்கான படிப்பை யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்ற கதை ஆயிரம் ஆண்டு நீளம் கொண்டது. அதைப் பின்தொடர்ந்தால் ஒவ்வொரு காலத்திலும் ஒரே கேள்வி வழிமறிக்கிறது: கற்றுக்கொள்ளும் காலத்தில் அந்தப் பிள்ளைக்குச் சோறு போடுவது யார்?

இதற்கு மிகத் தெளிவான பழைய பதில் ஒன்று பக்கத்திலேயே கல்லில் இருக்கிறது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், பழையசீவரத்துக்கு எதிர்க்கரையில், வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டைக் காணலாம். காலம் கி.பி. 1067-ஐ ஒட்டியது. வயலைக்காவூர் என்ற ஊரிலிருந்து வரவேண்டிய வரி இந்தக் கோயிலுக்கு விடப்பட்டது. அது எப்படிச் செலவாக வேண்டும் என்பதைக் கல்லில் கணக்காக வெட்டி வைத்தார்கள். கோயிலின் சனநாத மண்டபத்தில் ஒரு கல்விச்சாலை, மாணவர் தங்குமிடம், வீரசோழன் என்ற பெயரில் 15 படுக்கை கொண்ட மருத்துவமனை. ரிக் வேதம் படிக்க 10 பேர், யசுர் வேதம் படிக்க 10 பேர், இலக்கணம் படிக்க 20 பேர், இன்னும் ஆகமம் பயில்வோர் என எல்லாம் சேர்த்து 60 பேர். அவர்களுக்குத் தினம் எவ்வளவு அரிசி, கறிக்கு என்ன, படுக்கப் பாய், இரவு விளக்குக்கு எண்ணெய், சனிக்கிழமைத் தலைமுழுக்குக்கு எண்ணெய் என்று வரிசையாகக் கணக்கு இருக்கிறது. மருத்துவர், சல்லியக்கிரியை என்னும் அறுவை மருத்துவம் செய்கிறவர், மூலிகையும் விறகும் கொண்டுவருகிறவர்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள், நாவிதர், தண்ணீர் ஊற்றுகிறவர் என்று ஒவ்வொருவரின் கூலியும் நெல்லாகவும் காசாகவும் எழுதப்பட்டிருக்கிறது.

சனிக்கிழமை எண்ணெய் வரைக்கும் யோசித்தவர் யாரோ, படிக்கிற பையன்களின் தலைமுடியைப் பக்கத்தில் இருந்து பார்த்தவராக இருக்க வேண்டும். விழுப்புரம் பக்கத்து எண்ணாயிரத்தில் இதற்கும் முன்பே, முதலாம் ராசேந்திரன் காலத்தில், 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் கொண்ட கல்லூரிக்கு 45 வேலி நிலம் விடப்பட்டிருந்தது. அங்கும் மாணவருக்கு நாளொன்றுக்கு இத்தனை நெல் என்று அளவு உண்டு.

இந்த நெல் எல்லாப் பிள்ளைகளுக்கும் அளக்கப்படவில்லை. வேதமும் வியாகரணமும் படிக்கிற அந்தணப் பிள்ளைகளுக்கு மட்டுமே அந்த மண்டபம் திறந்திருந்தது. ஏரி மடையைத் திறந்தவன் மகனும், கோயில் பரிவட்டத்தை நெய்தவன் மகனும் அந்தப் பாயில் படுக்கவில்லை. அவர்கள் உழைப்பிலிருந்து போன வரிதான் அந்தப் பாயை வாங்கியது.

அப்படியானால் நெசவாளி எழுத்தறியாதவனா? காஞ்சியின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள உத்தமசோழன் செப்பேடு பத்தாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியைச் சேர்ந்தது. காஞ்சி ஊரகத்துப் பெருமாள் கோயிலின் கணக்குவழக்கை மேற்பார்க்கும் பொறுப்பு, அரசனுக்குத் துணி நெய்த பட்டசாலியர் குடியிருந்த நான்கு சேரிகளிடம் விடப்பட்டதை அது சொல்கிறது. கோயில் பொன் அவர்களிடம் முதலாக இருந்தது. வட்டியை அவர்கள் செலுத்தினார்கள். தறிக்காரர்களின் கையில் கோயில் கணக்கு! பாவுக்கு இத்தனை இழை, கரைக்கு இத்தனை, முந்திக்கு இத்தனை என்று நாள் முழுக்க எண்ணிக்கொண்டே இருப்பவனுக்குக் கணக்கு புதிதல்ல. அந்தக் கணக்கை அவன் எங்கே கற்றான்? வீட்டுக்குள் இருந்த குழியில்.

காஞ்சிப் பட்டின் பள்ளிக்கூடம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அந்தக் குழிதான். தரையில் இடுப்பளவு பள்ளம். அதில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் கீழே மிதிகள், எதிரே பாவு, கைக்கு நேராக அச்சு. தறிக்கு வந்த பிள்ளைக்கு முதல் வகுப்பு தார் சுற்றுவது. பிறகு விடியலில் தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போடும்போது அறுந்த இழையைத் தேடிப் பிணைப்பது. அதற்கும் பிறகுதான் தறிப்பலகையில் இடம்.

அந்த இடம் வலப்பக்கம். காஞ்சிச் சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் தைப்பதில்லை, நெய்யும்போதே கோர்த்துவிடுகிறார்கள். கோர்வை என்பது அதுதான். ஊடை இழையை ஓட்டும் நாடா உடலுக்கு ஒன்று, இரு கரைக்கும் இரண்டு, ஆக மூன்று. இடக்கரையை நெசவாளி பார்த்துக்கொள்வார். உடல் நாடா வலக்கரை தொடங்கும் கோட்டில் வந்து நிற்கும்போது, அங்கே உட்கார்ந்திருப்பவர் கரை நாடாவின் இழையை உடல் இழையோடு கவ்வவிட்டுத் திருப்ப வேண்டும். ஓர் இழை கவ்வாமல் போனால் அந்த இடத்தில் துளை விழும். ஒரு சேலையில் இது ஆயிரக்கணக்கான முறை நடக்கும். நிறம் மாறும் முந்திக்குப் பாவையே இழை இழையாக மாற்றிப் பிணைக்கும் பெட்னி வேலை இன்னும் கடினம். இவற்றுக்குப் பாடப்புத்தகம் கிடையாது. அப்பா "கரையைப் பாருடா" என்பார், அவ்வளவுதான் பாடம். வலப்பக்கப் பலகையில் நாலைந்து வருடம் உட்கார்ந்த பிள்ளை ஒருநாள் இடப்பக்கத்துக்கு மாறுவான். தலைமுறை தலைமுறையாகப் பட்டமளிப்பு அப்படித்தான் நடந்தது.

எழுத்துக்குத் திண்ணைப் பள்ளி இருந்தது. சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-ல் தொடங்கிய கணக்கெடுப்பில் மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருப்பதாகத் தெரியவந்தது. ஆசிரியர்களின் மாதவருமானம் ஆறேழு ரூபாயைத் தாண்டுவதில்லை என்று 1826-ல் அவரே எழுதினார். பெற்றோர் கொடுக்கிற அணாக்களில்தான் வாத்தியார் பிழைத்தார். அந்த அணா எங்கிருந்து வந்தது என்பதற்கு அந்தக் கணக்கெடுப்பிலேயே ஒரு சாட்சி உண்டு. பெல்லாரி ஆட்சியர் கேம்ப்பெல் 1823-ல் அனுப்பிய அறிக்கையில், தம் மாவட்டத்தில் 533 பள்ளிகளும் 6,641 பிள்ளைகளும் இருப்பதைச் சொல்லிவிட்டு, கல்வி தேய்ந்துவருவதற்கு மக்களின் வறுமைதான் காரணம் என்றார். ஐரோப்பியத் துணி வந்து உள்நாட்டுத் துணியின் இடத்தைப் பிடித்ததில் தொழிலாளர் குடும்பங்களின் வருவாய் சுருங்கிவிட்டது என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது. தறி நின்றால் திண்ணையும் காலியாகும் என்று ஒரு வெள்ளைக்கார அதிகாரியே அரசுக்குத் தெரிவித்த ஆவணம் இது.

அரசு தானாக முன்வந்து நெசவாளிக்குத் தொழில் சொல்லிக்கொடுக்க நினைத்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். சென்னைப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியராக இருந்த ஆல்பிரட் சேட்டர்டன் சேலத்தில் நெசவுக்கூடம் ஒன்றை அமைத்து, கயிற்றை இழுத்தால் நாடா தானே ஓடும் விசைநாடாத் தறிகளை வைத்தார். கொட்டகைக்கு வந்து மணியடித்ததும் உட்கார்ந்து மணியடித்ததும் எழும் வேலைமுறை நெசவாளிக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் மனைவி தார் சுற்றினால், பிள்ளை இழை பிணைத்தால்தான் கூலி கட்டுப்படியாகும். கொட்டகையில் அவன் ஒற்றை ஆள். நெசவுக்கூடம் சில வருடங்களில் மூடப்பட்டது. 1910-ல் லண்டனிலிருந்து, பிரிட்டிஷ் அரசில் இந்தியாவுக்குப் பொறுப்பான அமைச்சர் மார்லி பிரபு ஓர் உத்தரவு போட்டார்: அரசு தொழில் நடத்தக் கூடாது, கற்றுக்கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். தனியார் முதலாளிகளின் முறையீடு அதற்குப் பின்னால் இருந்தது. தொழிற்கல்விக்கும் தொழிலுக்கும் நடுவே அன்று கிழிக்கப்பட்ட கோடு இன்னும் அழியவில்லை. சான்றிதழ் கொடுப்பதோடு கைகழுவும் பயிற்சித் திட்டங்களை இன்றும் பார்க்கிறோம்.

அதற்குப் பிறகு மாகாணத் தொழில்துறை நெசவுப் பயிற்றுநர் குழுக்களை ஊர் ஊராக அனுப்பியது. தறியையும் கருவிகளையும் சுமந்துகொண்டு நெசவாளி தெருவுக்கே போய் விசைநாடாவும் புதிய பாவு ஓட்டும் முறையும் கற்றுத்தந்த குழுக்கள் அவை. நெசவாளியை வகுப்புக்கு இழுக்காமல் வகுப்பை அவன் வாசலுக்குக் கொண்டுபோனதால் பருத்தித் தறிகளில் பலன் தெரிந்தது. ஆனால் காஞ்சிக் கோர்வைச் சேலைக்கு விசைநாடா ஒத்துவரவில்லை. மூன்று நாடாவும் கையிலிருந்து கைக்குப் போயாக வேண்டும். வலப்பக்கப் பலகை அப்படியே இருந்தது.

கடல் கடந்த ஒரு கதையை இங்கே சொல்ல வேண்டும். பிரான்சின் பட்டு நகரம் லியோன். அங்கும் தறிக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளை உட்கார்ந்து, பூ வேலைக்கான கயிறுகளை நாள் முழுக்க இழுத்துக்கொண்டிருந்தது. 1804-ல் ஜக்கார்ட் செய்த கருவி, ஓட்டை போட்ட அட்டைகளைக் கொண்டு அந்தக் கயிறுகளை இழுத்தது. பிள்ளையின் வேலை போயிற்று. அந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள்? லியோனில் பீப்பாய் செய்பவரின் மகனாகப் பிறந்த குளோட் மார்ட்டின் என்பவர் இளைஞராகப் புதுச்சேரிக்குப் படைவீரராக வந்தார், பின்பு ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்தார், லக்னோவில் பெரும் செல்வம் திரட்டி 1800-ல் இறந்தார். அவர் எழுதிவைத்த உயிலின்படி லியோனில் 1826-ல் லா மார்ட்டினியேர் பள்ளி உருவாயிற்று. ஏழைத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு இலவசமாகத் தொழில்நுட்பம் சொல்லிக்கொடுத்தது. இந்தியாவில் சேர்த்த பணம் பிரெஞ்சுப் பட்டு நகரத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்தது. லியோனின் ஜக்கார்ட் பெட்டியோ பிற்பாடு காஞ்சித் தறிகளின் மேலேறி, நூலால் அடை கட்டிப் பூப்போட்ட பழைய முறையை ஓரங்கட்டியது. பெட்டி வந்தது, அதோடு வரவேண்டிய பள்ளி வரவில்லை.

சோற்றுக்கான பதில் சென்னையிலிருந்து வந்தது, அதுவும் ஒரு நெசவுக் குடும்பத்திலிருந்து. தேவாங்கர் மரபில் பிறந்து, வண்ணாரப்பேட்டையில் தறிக்கூடம் நடத்திய பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920-ல் ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் உணவு கொடுக்கத் தீர்மானம் நிறைவேறியது. பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக்கூடாது. திட்டம் இன்னும் சில பள்ளிகளுக்கு விரிந்தது. 1922-23-ல் 811 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1924-25-ல் 1,671 ஆனது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவு செய்யக்கூடாது என்று ஆங்கிலேய அரசு மறுத்ததால் 1925-ல் நின்றுபோயிற்று. ஓர் அணா, இரண்டு வருடம், இரண்டு மடங்குப் பிள்ளைகள். திருமுக்கூடல் கல்லில் 60 பேருக்குள் அடங்கியிருந்த நெல், சாதி பாராமல் தட்டுக்கு வந்த முதல் தருணங்களில் ஒன்று இது.

காஞ்சிபுரத்தில் அப்போது பச்சையப்பன் உயர்நிலைப் பள்ளியில் ஒரு செங்குந்தர் வீட்டுப் பையன் படித்துக்கொண்டிருந்தார். தறிகள் நிறைந்த ஊரின் சி. என். அண்ணாதுரை, இடையில் நகராட்சியில் எழுத்தராக வேலை பார்த்துவிட்டுத்தான் சென்னைப் பச்சையப்பன் கல்லூரிக்குப் போக முடிந்தது. அந்த ஊரின் எத்தனை பிள்ளைகளுக்கு அப்படி ஓர் எழுத்தர் வேலை கிடைத்திருக்கும்?

இதே காலத்தில் பட்டின் அழகை மீட்கும் முயற்சிகளும் நடந்தன. ருக்மிணி தேவி 1936-ல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கி, அடுத்த ஆண்டே நெசவுக்கூடமும் அமைத்துப் பழைய காஞ்சிச் சேலைகளின் அகலக் கரைகளையும் நிறச்சேர்க்கைகளையும் மறுபடி தறியேற்றினார். 1935-ல் கோ-ஆப்டெக்ஸ் வந்தது. காஞ்சியில் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் வளர்ந்தன. 1956 முதல் நெசவாளர் சேவை மையங்கள் நாடெங்கும் தொடங்கப்பட்டு, ஓவியர்களைத் தறிக்காரர்களோடு உட்காரவைத்தன, கே. ஜி. சுப்ரமணியன் போன்றவர்கள் பம்பாய் மையத்தில் வேலை செய்தார்கள். காஞ்சியிலும் ஒரு மையம் உண்டு. சேலத்தில் 1960-ல் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் திறந்தது. அங்கே படித்தவர்கள் மேற்பார்வையாளராகவும் அலுவலராகவும் ஆனார்கள். குழிக்குத் திரும்பியவர்கள் குறைவு. அதில் அவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியாது; பட்டயம் வாங்கியவனுக்குக் குழி கொடுக்கிற கூலியைவிட மேசை கொடுக்கிற சம்பளம் அதிகம்.

1953 இந்தக் கதையில் மறக்க முடியாத வருடம். முதலமைச்சர் ராஜாஜி புதிய தொடக்கக் கல்வித் திட்டம் கொண்டுவந்தார். கிராமப் பள்ளியில் பிள்ளைக்கு மூன்று மணி நேரம் பாடம்; மீதி நேரம் வீட்டில் அப்பாவின் தொழிலைக் கற்க வேண்டும். இருக்கிற கட்டடத்திலும் ஆசிரியர்களைக் கொண்டும் இரட்டிப்புப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அவர் கணக்கு. கைத்தறி மேல் அவருக்கு அக்கறை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே ஒதுக்கப்பட வேண்டும் என்று மத்திய அரசிடம் மன்றாடியவரும் அவர்தான். ஆனால் பெரியாரும் அண்ணாவும் இதைக் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தார்கள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. காஞ்சி நெசவுத் தெருவில் அது ஏன் அப்படிச் சுட்டது என்பது புரியக்கூடியதே. வலப்பக்கப் பலகையில் அரை நாள் அல்ல, முழு நாளும் உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் ஊர் அது. அப்பாவின் தொழிலை அப்பாவிடம் கற்பதற்கு அங்கே எந்த அரசாணையும் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது மற்ற பாதி, பள்ளிப் பாடம்தான். 1954-ல் காமராசர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது.

இரண்டு வருடம் கழித்து, 1956-ல், எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. அதற்கு உருவம் கொடுத்த கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு, காஞ்சிபுரம் மாவட்டத்து நெய்யாடுபாக்கத்தில் பிறந்தவர். திருமுக்கூடல் கல்வெட்டு இருக்கும் அதே பாலாற்று வட்டாரத்திலிருந்து போனவர், ஒன்பது நூற்றாண்டு கழித்து, மாநிலம் முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரிசி அளக்கும் வேலையைச் செய்தார்.

ஆனாலும் பலகை உடனே காலியாகவில்லை. முதலாளியிடம் அப்பா வாங்கிய முன்பணம் ஆயிரக்கணக்கில் நிற்கும். அது தீரும்வரை பிள்ளை பக்கத்து வீட்டுத் தறியில் உட்கார வேண்டும். 1976-ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம், 1988 முதல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் எல்லாம் வந்த பிறகும், 2003-ல் மனித உரிமைக் கண்காணிப்பகம் இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரம் இடம்பெற்றது. பிள்ளைகளை மீட்டுச் சிறப்புப் பள்ளிகளில் சேர்த்து, மதிய உணவும் மாதம் 100 ரூபாய் உதவித்தொகையும் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான முன்பணத்துக்கு எதிரே அந்த 100 ரூபாய் எவ்வளவு சிறியது! இருந்தும் பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள். கூட்டுறவுச் சங்கங்கள், அதிகாரிகளின் சோதனை, தாய்மார்களின் பிடிவாதம், 2009-ன் கல்வி உரிமைச் சட்டம், பக்கத்தில் முளைத்த தொழிற்சாலைகள் எல்லாம் சேர்ந்து வலப்பக்கப் பலகையிலிருந்து பிள்ளையை எழுப்பிவிட்டன. இது காஞ்சியின் பெருமைகளில் ஒன்று. பட்டுக்கு 2005-ல் கிடைத்த புவிசார் குறியீட்டுக்குக் குறையாத பெருமை.

பிள்ளை எழுந்த இடத்தில் இப்போது பெரும்பாலும் அம்மா உட்கார்ந்திருக்கிறார். காலைச் சமையல் முடித்து, பாத்திரம் கழுவி, அவர் பலகைக்கு வரும் வரை இடப்பக்கத்தில் கணவர் காத்திருப்பார். அம்மா எழுந்தால் தறி நிற்கும். கோர்வைக்கு என்று தனிக்கூலி பல வீடுகளில் கிடையாது. ஒரு சேலைக்கு ஒரு கூலி, அதற்குள் இரண்டு பேரின் உழைப்பு. 2009-10 கணக்கெடுப்பில் நாட்டில் சுமார் 43 லட்சமாக இருந்த கைத்தறித் தொழிலாளர்கள் 2019-20-ல் 35 லட்சமாகக் குறைந்திருக்கிறார்கள். குறைந்தவர்களில் வயதாகி விலகியவர்கள் போக, வராதவர்கள் யார் என்பதைத் தென்னேரிச் சாலையில் விடியற்காலை நிற்கும் கம்பெனி வண்டியைப் பார்த்தால் தெரியும். ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ முடித்த, பட்டுத் தறி வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகள் அதில் ஏறுகிறார்கள். மாதச் சம்பளம் வருகிறது. அவர்கள் தப்பித்தார்கள் என்றுதான் அவர்களைப் பெற்றவர்கள் சொல்வார்கள். அந்தச் சொல்லை மறுக்க நமக்கு உரிமையில்லை.

2023-ல் மத்திய அரசு 18 தொழில்களுக்காக விசுவகர்மா திட்டத்தைக் கொண்டுவந்தது. குடும்பத் தொழில் என்ற நிபந்தனையும் குறைந்த வயது 18 என்ற வரம்பும் குலக்கல்வியை நினைவூட்டுவதாகச் சொல்லித் தமிழ்நாடு அதை ஏற்க மறுத்தது. மாற்றாக 2025 ஏப்ரலில் இதே காஞ்சிபுரம் மாவட்டத்தின் குன்றத்தூரில் கலைஞர் கைவினைத் திட்டம் தொடங்கப்பட்டது. சாதி நிபந்தனை இல்லை, குறைந்த வயது 35. கல்லூரிக்குப் போக வேண்டிய பிள்ளையைத் தொழிலுக்கு இழுக்கக்கூடாது என்ற கவலை நியாயமானது, 1953-ஐக் கண்ட மாநிலத்துக்கு அது வரத்தான் வேண்டும். ஆனால் கோர்வையும் பெட்னியும் 35 வயதில் புதிதாகப் பழகுகிற வேலைகள் இல்லை. படிப்பை முடித்து, தானே விரும்பி, சாதி எதுவானாலும் இருபத்திரண்டு வயதில் ஒருவர் தறிப்பலகையில் வந்து உட்கார்ந்தால், கை பழகும் அந்த மூன்று நான்கு வருடங்களுக்கு அவருக்கு மாதம் இவ்வளவு என்று அளந்து கொடுக்கும் ஏற்பாடு இன்னும் பிறக்கவில்லை. கோர்வைச் சேலை விற்கும் கடைகளுக்கும், புவிசார் குறியீட்டைப் பெட்டியில் அச்சிட்டு விலை வைப்பவர்களுக்கும் அது முடியாத செலவா என்ன? வயலைக்காவூர் ஒரே ஊர். தன் வரியில் 60 பேருக்குச் சோறும் பாயும் சனிக்கிழமை எண்ணெயும் கொடுத்தது.

மாலை நாலரைக்குப் பள்ளி விட்டு வரும் பெண்பிள்ளை புத்தகப் பையைத் தறிக்காலில் மாட்டிவிட்டு, குழியோரம் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள். கணக்கில் சந்தேகம் வந்தால் அப்பாவைக் கேட்கிறாள். அவர் கையை நிறுத்தாமல், அச்சின் இழைகளை வைத்தே பெருக்கிச் சொல்கிறார். பக்கத்தில் அம்மா நாடாவைத் திருப்புகிறார்.